கருப்பட்டிக்குள் வைத்த மாத்திரை

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் அந்த வீட்டைப் பார்த்த நாளிலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலுக்குக் கழற்றலாம், பள்ளிவாசலுக்குக் கழற்றலாம். இந்த வீட்டுக்கு எதற்குக் கழற்ற வேண்டும் என்று மகனிடம் கேட்டேன்.

"புல்லுல வெறுங்காலோட நடந்தா மூளைக்கு நல்லதாம்ப்பா."

"நான் கல்யாணம் கட்டுற வரைக்கும் செருப்பே போட்டதில்ல. அப்பிடிப் பாத்தா எனக்குத் தலை கொள்ளாத மூளை இருக்கணுமே."

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரித்துப் பல காலம்.

அது மூளை வளர்ச்சிக்கான இடமாம். பிள்ளைகளுக்கும் பார்ப்பார்கள், என்னைப் போல மறதி பிடித்த கிழடுகளுக்கும் பார்ப்பார்கள். மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு அம்மா நடத்தினார். எல்லாரும் மேடம் என்றார்கள். நாங்கள் போனது என் பேத்திக்காக. அவளுக்கு ஏழு வயது. சின்னதிலிருந்தே வலிப்பு உண்டு. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையில் அது அடங்கியிருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமைகளில் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவர நான்தான் இருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அப்பாவின் மறதிக்கும் ஆகட்டும் என்று என் பெயரையும் சேர்த்துவிட்டான்.

வலது கையால் இடது முழங்காலைத் தொட வேண்டும், இடது கையால் வலது முழங்காலைத் தொட வேண்டும். பிறகு பாயில் குழந்தை மாதிரித் தவழ வேண்டும். கண்ணை மூடி வண்டு போல மூக்கால் இரைய வேண்டும். கண்டிக் கடைத்தெருவில் வெங்காய மூட்டையும் பருப்பு மூட்டையும் தூக்கியே முதுகு வளைந்தவன் நான். பள்ளிக்கூட வாசலைக் கண்டதில்லை. நாலு எழுத்துத் தெரிந்ததே சாக்கில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான். லொறிக்கும் கடைக்கும் நடுவில் ஓடிய அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் வந்து, வயசான பிறகு நீ பாயில் தவழ்வாய் என்று சொல்லியிருந்தால் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். தவழ்ந்தேன். பக்கத்தில் பேத்தி தவழ்ந்து என்னை முந்திக்கொண்டு போனாள்.

"தாத்தா, நீங்க ஆமை."

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது பிடித்திருந்தது. ராத்திரி போன் பார்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தியதும் நன்றாகத் தூங்கினாள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், வீட்டிலும் பாடினாள். வெள்ளைச் சீனி வேண்டாம், கித்துள் மரத்துக் கருப்பட்டி கொடுங்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் பால் ஊற்றாத பிளேன்டீக்குக் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வது எப்போதும் உள்ளதுதான். இதிலெல்லாம் எனக்குக் குறையில்லை. எனக்கு நெஞ்சில் குத்தியது, மகனும் வந்திருந்த ஒரு நாள் மேடம் சொன்ன ஒரு பேச்சு.

"மாத்திரை மூளையத் தூங்க வைக்குது. தூங்குற மூளை எப்படி வளரும், சொல்லுங்க?"

அதைக் கேட்டுக்கொண்டு என் மகன் தலையை ஆட்டினான். அன்று வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பையை எடுத்து அலுமாரிக்கு மேலே எறிந்தான்.

"இனி கிளினிக்குக்குப் போகவேணாம்ப்பா."

"யாரு சொன்னா? டாக்டர் சொன்னாரா?"

"நான் சொல்றேன். வகுப்புல தூங்குறா. டீச்சர் கடைசி வாங்குல ஒக்கார வச்சிருக்காங்க. போன வருசம் வாசிச்ச எழுத்த இந்த வருசம் மறந்துட்டா. ஒங்கள மாதிரி மூட்ட தூக்கவா புள்ளைய வளக்குறேன்?"

மருமகள் அடுப்படியிலிருந்து வந்தாள். "மாமா சொல்றதயும் கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் இருந்தோம். அவனுக்கும் இதே வலிப்பு. வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், திருநீறு போடுவார்கள், மந்திரிப்பார்கள். தாயத்துக் கட்டிவிட்டு, இனி வராது என்று ஒருவன் எங்கள் கோழியைப் பிடித்துக்கொண்டு போனான். அம்மாவும் நம்பித் தம்பியைத் தனியாக ஓடைக்குக் குளிக்க விட்டாள். முழங்கால் அளவு தண்ணீர்தான். குப்புற விழுந்து கிடந்தான். இதை நான் மகனிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்றும் சொன்னேன்.

"அது அந்தக் காலம்" என்றான்.

சரி, வேறு வழியில்லை என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பது எப்போதும் நான்தான். என் பிரஷர் கிளினிக்குக்குப் போகும் சாக்கில் அவளுடைய மாத்திரையையும் எடுத்து வந்தேன். விடிந்ததும் மகனும் மருமகளும் பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள். பேத்திக்கு பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கிறவன் நான். கருப்பட்டித் துண்டைக் கத்தியால் குடைந்து மாத்திரையை வைத்து, மேலே கருப்பட்டித் தூளை அடைத்துக் கொடுத்தேன். பொழுதுபட அவர்கள் வருவதற்கு முன் இன்னொன்று. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மறப்பேன், பக்கத்து வீட்டுக்காரன் பெயரை மறப்பேன், இதை ஒருநாளும் மறக்கவில்லை.

"தாத்தா, இந்தக் கருப்பட்டி கசக்குது."

"மழக்காலத்துக் கருப்பட்டி அப்பிடித்தான். கடிச்சு முழுங்கு."

அந்த மழைக்காலம் போய் அடுத்ததும் வந்தது. அவளுக்கு ஒரு தடவை கூட வலிப்பு வரவில்லை. மகனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா? மாத்திர இல்லாம எப்பிடி இருக்கா. இப்பவாச்சும் நம்புறீங்களா?"

"நல்லா இருக்கட்டும்" என்றேன். வேறென்ன சொல்வது? முகத்தைப் பார்த்தால் உண்மை வாயில் வந்துவிடும், அதனால் அவன் முகத்தையே பார்க்காமல் இருந்தேன். ஜெயித்தது அவனென்றே இருக்கட்டும், பிள்ளை பிழைத்தால் போதும். சாகிற வரை அப்படியே ஓட்டியிருப்பேன்.

ஆனால் மேடம் சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு, என் மகனை எழுந்து நின்று பேசச் சொன்னார். அவன் அயர்ன் பண்ணிய சட்டையோடு வந்திருந்தான். மாத்திரையை விட்டோம், பயிற்சியைப் பிடித்தோம், பிள்ளைக்கு வலிப்பே இல்லை என்று மேடைப் பேச்சு மாதிரிப் பேசினான். எல்லாரும் கை தட்டினார்கள். புசல்லாவையிலிருந்து வந்த ஒரு இளந்தாய், மடியில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, கையைத் தூக்கினாள்.

"அண்ணே, எங்க புள்ளைக்கும் வலிப்புதான். மாத்திரைய ஒரேயடியா நிப்பாட்டினீங்களா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"ஒரேயடியாத்தான் தங்கச்சி. ஒன்னும் ஆகல."

"அப்ப நாங்களும் நாளையிலருந்து நிப்பாட்டிடுறோம்."

தூங்குகிற அந்தக் குழந்தையின் கால் அவள் மடியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை.

"நிப்பாட்டாத தாயி" என்றேன் பாயில் இருந்தபடியே. "என் பேத்தி மாத்திர குடிச்சுக்கிட்டுதான் இருக்கா. நான் குடுக்குறேன்."

மேடம் மெதுவாகச் சிரித்தார்.

"ஐயாவுக்கு ஞாபக மறதி இருக்கு. அதுக்குத்தான் இங்க வர்றாரு. அவரு சொல்றதப் பெருசா எடுக்காதீங்க."

"ஆமா, அப்பாவுக்கு மறதி" என்றான் மகன். "பழசு, புதுசு எல்லாம் கலந்துக்கும்."

நான் பெற்றவன் சொன்னான் அதை. வீட்டுக்குப் போக நேரமாகும் என்று அன்று பொழுதுபடக் கொடுக்கிற துண்டை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவிழ்த்து, எல்லார் கண் முன்னாலும் இரண்டாகப் பிட்டேன். வெள்ளையாக மாத்திரை தெரிந்தது. புசல்லாவைப் பெண் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"எங்க புள்ளைக்குக் குடுக்குறதும் இதேதான்" என்றாள்.

மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. "நான் யாரையும் நிப்பாட்டச் சொல்லல. அது பெத்தவங்க எடுக்குற முடிவு."

மகன் அவர் பக்கம் திரும்பினான். "மூளையத் தூங்க வைக்குதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"அது பொதுவாச் சொன்னது."

புசல்லாவைப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பிறகு அவளைப் பார்க்கவில்லை. மாத்திரையைக் கொடுத்தாளா விட்டாளா, தெரியாது.

திரீவீலரில் திரும்பி வரும்போது அந்த வண்டிக்காரன் இருக்கிறான் என்றுகூட மகன் பார்க்கவில்லை.

"என்ன மனுசன்ப்பா நீங்க. அத்தன பேரு முன்னால என்னப் பொய்யனாக்கிட்டீங்க."

"பொய்யன் ஆனாலும் ஒனக்குப் புள்ள இருக்கு."

"என் புள்ளைக்கு, எனக்குத் தெரியாம."

"தெரிஞ்சா விட்டிருப்பியா? என்னய வெளிய தள்ளியிருப்ப."

"இப்பவும் தள்ளலாம். கம்பளையில அக்கா வீடு இருக்கு, போங்க."

"போறேன். மொதல்ல இவளுக்கு மாத்திரைய நீ குடு. ஒன் கையால குடு. அதப் பாத்துட்டுப் போறேன்."

நடுவில் உட்கார்ந்திருந்த பேத்தி என் பக்கம் திரும்பினாள். "மழக்காலம்னு சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அப்பா மேல் சாய்ந்துகொண்டாள். மகன் திட்டியதைவிட அது எனக்கு வலித்தது.

அடுத்த கிளினிக் நாளில் அவன் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். என்னைக் கூப்பிடவில்லை. வகுப்பில் தூங்குவதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறான், அவர் காலை மாத்திரையைக் குறைத்து ராத்திரிக்குக் கூட்டியிருக்கிறார். இதை மருமகள்தான் அடுப்படியில் வைத்து எனக்குச் சொன்னாள். இதை அப்போதே போய்க் கேட்டிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். குண்டசாலைக்கு இப்போது யாரும் போவதில்லை. பேத்தி மட்டும் படுக்கப் போகுமுன் வண்டு மாதிரி இரைகிறாள், அது பழகிவிட்டது.

நான் கம்பளைக்குப் போகவில்லை. போ என்று அவன் மறுபடி சொல்லவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. என்னோடு நேராகப் பேசுவதில்லை. "தாத்தாவச் சாப்பிடச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்வான், நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

சாப்பாடு முடிந்ததும் அவன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறான். அவள் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கை நீட்டி அவனுக்குக் காட்டுகிறாள். அவன் குனிந்து பார்த்துச் சரி என்கிறான். எனக்குக் காட்டுவதில்லை. நான் கதிரையை விட்டு எழும்பாமல், அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொள்கிறேன்.