லேப்ராஸ்கோப் என்ற சொல்

எனக்கு இரண்டு முறை குடல் இறங்கியது. முதல் முறை 1993-இல், கல்யாணத்துக்கு முன்பு, வலது பக்கம். திண்டிவனத்தில் அடிவயிற்றைத் திறந்து தைத்தார்கள். விரல் நீளத்துக்குத் தையல். தும்மினால் உயிர் போய் உயிர் வரும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்னைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனார்கள், பாவிகள். மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இடது பக்கம் இறங்கியது. கூட்டேரிப்பட்டில் சிமெண்டுக் கடை வைத்திருந்தேன். நானே மூட்டை தூக்கும் வீம்பு விட்டபாடில்லை. இந்த முறை மனைவியோடு விழுப்புரம் போனேன். அவள் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் எனக்கு விளக்கினார். திறந்து செய்தால் இடுப்பில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தால் போதும், ஆனால் வலி கூடுதல் நாள் இருக்கும். லேப்ராஸ்கோப் முறையில், அதாவது மூன்று சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்தால் முழு மயக்கம் வேண்டும், ஆனால் சீக்கிரம் நடமாடலாம். இரண்டிலும் உள்ளே வலை வைப்பார்களாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்து மனைவியிடம், லேப்ராஸ்கோப் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. எங்கள் ஒலக்கூர்ப் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: முகாமில் பெண்களுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாடு. குடலோடு சேர்த்து அந்த வேலையையும் முடித்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

“எனக்கு இன்னொரு புள்ள வேணும் சார். இவரு என்னாண்ட ஒரு வார்த்த கேக்காம முடிவு பண்ணிக்கினு வர்றாரு” என்றாள். கண் கலங்கியிருந்தது.

எங்கள் பையனுக்கு அப்போது எட்டு வயது. ஒன்றே போதும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அங்கே நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. இது குடலுக்கு மட்டும்தான், பிள்ளை பிறப்பதை எந்த வழியும் தடுக்காது என்று தாளில் படம் போட்டே காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, எதைச் செய்யலாம் என்று கேட்டார்.

அவள் முந்திக்கொண்டாள். “எதுல ஜல்தி எழுந்து வூட்டுக்கு வருவாரோ அதையே பண்ணுங்க சார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். அவர் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.