தாராவியில் என் சட்டைகளுக்கு நூல் வெட்டுவது யார்?

நான் விற்கும் சட்டைகளின் அட்டையில் ஒரு வரி இருக்கும்: ‘இதைத் தொட்ட ஒவ்வொரு கையையும் எங்களுக்குத் தெரியும்.’ கோவையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நானே எழுதியது. அதைப் பார்த்துத்தான் பெங்களூர் கடை ஒன்று தீபாவளிக்குச் சட்டை கேட்டது. கூடவே ஒரு உறுதிமொழியும் கேட்டது. எல்லா வேலையும் ஒரே பட்டறைக்குள் நடக்கிறது, வீடுகளுக்கு எதுவும் போவதில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தைத்துத் தரும் யூசுப் பாயை எனக்குப் போனில் மட்டுமே பழக்கம். பயம் பிடித்துக்கொண்டது. வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு மும்பைக்கு ரயில் ஏறினேன்.

தங்கியது செம்பூரில், அத்தை மகள் வீட்டில். வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, குர்லாவில் ரயில் மாறி சயானில் இறங்கினேன். பத்து ரூபாய்க்குள் டிக்கெட். அங்கிருந்து தாராவிக்குக் கால் மணி நேர நடை. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

பட்டறை மாடியில். யூசுப் பாய்க்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாண வீடு மாதிரி புதுச் சுண்ணாம்பு வாசனை. எட்டு மெஷின், நல்ல வெளிச்சம், ஜன்னல் திறந்திருந்தது. நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். அப்புறம்தான் கவனித்தேன்: தைத்து இறக்கிய சட்டைகளில் தையல் முடிகிற இடமெல்லாம் நூல் தொங்கியது. அதை வெட்ட அங்கே ஒருவரும் இல்லை.

“பாய், நூல் யார் வெட்டுறாங்க?”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “தாகா கட்டிங் வீட்டுலதாம்மா நடக்கு. பக்கத்துல சுனாபட்டில பொம்பளையளுக்கு அனுப்புவோம். மூட்டை வெளிய போறதப் பாத்தா ஆர்டரை கேன்சல் பண்ணிருவியளோன்னு ரெண்டு நாளா நிறுத்தி வச்சிருக்கேன்.”

அப்படி ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் ஆனது.

அங்கே நூல் வெட்டும் செல்விக்கு நாற்பது வயதிருக்கும். ஒரே அறை. கட்டிலில் மாமியார் படுத்திருந்தார். ஓரத்தில் சின்னக் கத்தரி சும்மா கிடந்தது. பாய் என்னை இன்னார் என்று சொல்லி முடிக்குமுன்னே செல்வி கேட்டார்: “நீங்கதான் அந்த மேடமா? நீங்க வாரியன்னுதான் மூட்டை அனுப்புறதையே பந்த் பண்ணிட்டாவ. ரெண்டு நாளா கை சும்மா இருக்கு.”

எனக்கு அவமானமாக இருந்தது. யாரையும் சுரண்டிவிடக் கூடாது என்று பார்க்க வந்தவள், வந்ததாலேயே ஒருவரின் வேலையை நிறுத்தியிருக்கிறேன். பட்டறைக்கே வந்து செய்ய முடியாதா என்று மெதுவாகக் கேட்டேன்.

“மாமியாரை யாரு பாக்க? அவியளால தானா எந்திரிக்க முடியாது. வீட்டுல வச்சு வேலை செய்யக் கூடாதுன்னு மட்டும் எழுதிராதீங்க மேடம்.”

அட்டையில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்குச் சிரித்தார். “பேரு எதுக்கு? மூட்டை வந்தா போதும்.”

சுனாபட்டியிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் செம்பூர். அன்று மாலையே பெங்களூருக்கு எழுதினேன்: நூல் வெட்டுவது வீட்டில்தான், அதை மறைத்துக் கையெழுத்துப் போட மாட்டேன், அந்த வேலைக்கு நியாயமான கூலி போகிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். வீரமாக அனுப்பிவிட்டேனே தவிர, பதில் வந்ததா என்று ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னைப் போல உங்கள் துணி தைக்கும் இடத்தைப் பார்க்கப் போகிறீர்களா? சொல்லாமல் போய்ப் பிடியுங்கள் என்பார்கள். நான் சொல்லிவிட்டே போகச் சொல்வேன். ஆனால் எனக்காக எந்த வேலையையும் நிறுத்தாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெஷினை எண்ணிவிட்டுத் திரும்பாதீர்கள். இங்கே நடக்காத வேலை எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். வீடுகளுக்குள் கேமராவை எடுக்காதீர்கள். மாடிப் பட்டறைகளுக்கு ஏறும் ஏணிகள் செங்குத்தானவை, செருப்பில் பிடிப்பு இருக்கட்டும்.

இன்று சனிக்கிழமை. பெங்களூரிலிருந்து பதில் இல்லை. அவர்கள் சரி என்று சொல்லும்வரை யூசுப் பாய் மூட்டை அனுப்ப மாட்டார். யாரிடமோ என் நம்பர் வாங்கி, செல்வி காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். நான் இன்னும் எடுக்கவில்லை.