ஜெசிந்தா சிஸ்டருக்கு ஃபேமிலி ஸ்டேட்டஸ்

1. படிக்காமல் திருப்பிய ஃபார்ம்

ஐக்கிய அரபு அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையின் பர்சனல் செக்‌ஷனில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். விசா, லேபர் கார்டு, லீவு, டிக்கெட், குவார்ட்டர்ஸ் எல்லாமே என் மேஜை வழியாகத்தான் போகும். இன்று அந்த நாற்காலியில் உட்காருகிற பிள்ளைகளுக்கு, நான் கெட்டிக்காரத்தனமாக முடித்த கேஸ்களைவிடத் தப்புச் செய்த ஒரு கேஸ் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஆலையின் கிளினிக்கில் நர்ஸாக இருந்த ஜெசிந்தா ஒரு ஃபார்மைக் கொண்டுவந்து வைத்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். அது ஃபேமிலி ஸ்டேட்டஸ் கேட்கும் ஃபார்ம். அது கிடைத்தவர்களுக்கு ஆலைக் காலனியில் இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ், பிள்ளைகளுக்கு மெடிக்கல் கார்டு, ஸ்கூல் ஃபீஸில் ஒரு பங்கு, ஊருக்குப் போய்வர டிக்கெட் எல்லாம் உண்டு. கிடைக்காதவர்கள் எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும் கம்பெனிக்கு பேச்சலர்தான்.

பெண் பெயரைப் பார்த்ததுமே சிவப்புப் பேனாவை எடுத்து ‘நாட் அப்ளிகபிள்’ என்று எழுதிவிட்டேன்.

“ஏன் பாய்?” என்றார்.

“இது ஆம்பளைங்களுக்கு உள்ளது சிஸ்டர். உங்க வீட்டுக்காரரு கம்பெனியில கேக்கச் சொல்லுங்க.”

“அவரு வேலைய விடப் போறாரு, பாய்.”

கணவர் அமல்ராஜ் ஒரு கல்குவாரியில் க்ரஷர் மெக்கானிக். பிள்ளைகள் இருவரும் அவருடைய விசாவில் இருந்தார்கள். குடும்பம் டவுனில் இன்னொரு குடும்பத்தோடு ஃப்ளாட்டைப் பகிர்ந்து குடியிருந்தது. மூன்று வயது மகளுக்கு அடிக்கடி ஃபிட்ஸ். கடைசியாக வந்தபோது அம்மா கிளினிக் டூட்டியில், அப்பா க்ரஷர் மேலே. பக்கத்து ரூம்காரப் பெண்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்ல இருந்தே ஆகணும். என் வேலைதான் நிலையானது. அதனால அவரு இருக்காரு,” என்றார் ஜெசிந்தா. அழவில்லை, கெஞ்சவுமில்லை. நான்தான் ஃபார்மை அவர் பக்கம் தள்ளிவிட்டு, “ரூல்ஸ் அப்படி இருக்கே, நான் என்ன செய்ய?” என்றேன்.

2. “எந்த ரூல்ஸ், பாய்?”

மறுநாள் டீ டைமில் திரும்ப வந்தார். கையில் கம்பெனி ஹேண்ட்புக். ஃபேமிலி ஸ்டேட்டஸ் வரும் பக்கத்தின் ஓரத்தை மடக்கி வைத்திருந்தார்.

“இதுல ஆம்பளைன்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க.”

வாங்கிப் பார்த்தேன். பணியாளரின் வாழ்க்கைத்துணை வேலையில் இருக்கக்கூடாது, பிள்ளைகள் பணியாளரின் ஸ்பான்சரில் இருக்க வேண்டும். இரண்டே நிபந்தனைகள். மனைவி என்ற சொல்லே இல்லை. முதல் பக்கத்தில், ‘பணியாளர்’ என்றால் ஆண் பெண் இருபாலரும் என்று விளக்கம் வேறு. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் “ஃபேமிலி ஸ்டேட்டஸ் ஆண்களுக்கு மட்டும்” என்று சொல்லிக்கொடுத்தார். அதையே ரூலாக நம்பி ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை.

“ஃபார்மைக் கொடுங்க சிஸ்டர்,” என்றேன். வேறு என்ன சொல்வது?

3. குட்டி சாரின் ரூமில்

எங்கள் பர்சனல் மேனேஜர் ஒரு மலையாளி. குட்டி சார் என்போம். நல்லவர்தான், ஆனால் பழக்கமில்லாத பேப்பரில் கையெழுத்துப் போடமாட்டார். ஃபார்மைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“எந்தா ஜமாலே இது? ஆணு வீட்டுல இருக்கான், பெண்ணு வேலைக்கு வருது. அதுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் குடுக்கணுமா?”

“ஹேண்ட்புக்ல அப்படித்தான் சார் இருக்கு.”

“நாளைக்கு எல்லாரும் ரிசைன் பண்ணிட்டு வீட்டுல உறங்குவான். புருஷனை விளி. நான் பேசறேன்.”

அமல்ராஜ் மகளைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். நல்ல உயரம். விரல் நகங்களில் இன்னும் கிரீஸ் கறை போகவில்லை. குட்டி சார் நேராகக் கேட்டார்.

“கை கால் நல்லா இருக்கு. வீட்டுல இருக்க வெக்கமா இல்லையா?”

ஜெசிந்தாவின் முகம் சிவந்துவிட்டது. அமல்ராஜ் நிதானமாகச் சொன்னார்:

“வெக்கப்பட்டா முடியுமா சார்? க்ரஷர் நின்னா இன்னொரு மெக்கானிக் வந்து ஓட்டிருவான். பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்தா எந்தப் பக்கம் சாய்ச்சுப் படுக்க வைக்கணும், எத்தனை நிமிஷம் பார்க்கணும், எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு இவ எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கா. அதைத் தெரிஞ்ச ஆளு வீட்டுல வேணும். அவ்வளவுதான்.”

குட்டி சார் ஃபார்மைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “பிள்ளைங்க விசா அந்தப் பெண்ணு பேருக்கு வரட்டும். பேப்பர் சரியா இருந்தா நான் சைன் பண்றேன்,” என்றார்.

4. விசாவில் இருந்த வேலை

அந்தக் காலத்தில் பெண்கள் தங்கள் பெயரில் குடும்பத்தை ஸ்பான்சர் செய்வது எளிதல்ல. டாக்டர், டீச்சர், நர்ஸ் போன்ற சில வேலைகளில் இருப்பவர்களுக்குத்தான் வழி இருந்தது. நர்ஸ்தானே, கவலையில்லை என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினேன். விசா பக்கத்தில் வேலை என்ற இடத்தில் ‘கிளார்க்’ என்று அரபியில் இருந்தது.

ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்த சமயம், கம்பெனிக்கு அனுமதித்த விசாக்களில் நர்ஸ் வேலைக்கு எதுவும் பாக்கியில்லை. ஒரு கிளார்க் விசா மிச்சமிருந்தது. ‘அவசரத்துக்கு இது போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று அந்த விண்ணப்பத்தை டைப் அடித்தவனே நான்தான். பிறகு மாற்றவேயில்லை. இரண்டு முறை ரினியூவல் வந்தபோதும் அப்படியே அடித்து அனுப்பினேன்.

மறைத்திருக்கலாம். மறைக்காமல் சொன்னேன். ஜெசிந்தா அன்றுதான் குரல் உயர்த்தினார்.

“அவரு ரிசைன் பண்ணியாச்சு பாய்! மாசக் கடைசியில விசா கேன்சல். அதுக்கப்புறம் முப்பது நாள்தான் அவரும் பிள்ளைகளும் இங்க இருக்கலாம். பிள்ளைகள ஊருக்கு அனுப்பிட்டு நான் இங்க யாருக்கு ஊசி போடுவேன்?”

“உங்க சர்டிபிகேட்டெல்லாம் இருக்கா?”

“எல்லாம் அட்டெஸ்ட் பண்ணியே வச்சிருக்கேன். நீங்கதான் கேக்கல.”

அன்றே வேலையை மாற்றும் விண்ணப்பம் டைப் அடித்தேன். லேபர் ஆபீஸுக்கு நானே போனேன். ஒரு சீல் சரியில்லை என்று திருப்பினார்கள், அதைச் சரிசெய்து மறுநாள் காலையில் வாசலில் நின்றேன். குட்டி சார் ஆலையின் காரையே கொடுத்தார். “யல்லா, போய் முடிச்சிட்டு வா,” என்றார். அமல்ராஜின் விசா கேன்சல் ஆகிப் பதினொன்றாம் நாள், லேபர் கார்டில் ‘நர்ஸ்’ என்று வந்தது. பாஸ்போர்ட்டில் மாற்றி ஒட்ட இன்னும் ஒரு வாரம் பிடித்தது.

5. இமிகிரேஷன் கவுண்ட்டர்

ஜெசிந்தாவுக்காக அரபி பேச நானும் கூடப் போனேன். பெண்கள் கவுண்ட்டரில் இருந்தவர் அந்த ஊர்ப் பெண்மணி. பேப்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “அப்பா எங்கே?” என்று அரபியில் கேட்டார். கொஞ்சம் தள்ளி பெஞ்சில் அமல்ராஜ் மகளுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். கையைக் காட்டினேன்.

“அவருக்கு வேலை ‘மாஃபி’யா, இல்லையா?”

“வேலையை விட்டுவிட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை. பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்,” என்று எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன்.

அவர் அமல்ராஜையே பார்த்தார். மருந்து பிள்ளையின் வாயிலிருந்து வழிந்தது. அமல்ராஜ் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி புகட்டினார். அந்தப் பெண்மணி ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே அதிகாரியிடம் தானே போனார். திரும்பி வந்தபோது சீல் இருந்தது. “கலாஸ்,” என்றார், முடிந்தது என்று.

இரண்டு பிள்ளைகளுக்கும் அமல்ராஜுக்கும் ஜெசிந்தா பெயரில் விசா வந்தது. குட்டி சார் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மகளுக்கு ஃபிட்ஸ் அதன் பிறகும் வந்தது. ஆனால் ஒருமுறைகூட ஆளில்லாத நேரத்தில் வரவில்லை.

6. பீரோவில் இருந்தவை

அந்த வாரம் பழைய ஃபைல் பீரோவைத் திறந்தேன். ஒன்பது வருடத்தில் நான் ‘நாட் அப்ளிகபிள்’ எழுதிய பெண்களின் ஃபார்ம்கள் நான்கு இருந்தன. எல்லாம் என் கையெழுத்து. ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இருவருக்குப் புதிதாக ஃபார்ம் நிரப்பி வாங்கினேன். இரண்டும் பாஸாயின.

நான்காவது, லேப் டெக்னீஷியன் ஒருவர். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தன் பழைய ஃபார்மை எடுத்து என் சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

“நீங்க இல்லைன்னு சொன்ன மாசமே பிள்ளைகள ஊருக்கு அனுப்பிட்டேன் பாய். இப்ப பெரியவன் என்கிட்ட போன்ல பேசவே யோசிக்கிறான்.”

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

பர்சனல் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன்னால் ரூல் புத்தகத்தை எடுத்து வாயை அசைத்துப் படியுங்கள். நமக்கு அது ஒரு ஃபார்ம். எதிரே நிற்கிறவர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பெட்டி கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.