லின்ஷோப்பிங்கில் மிச்சம் பிடித்த மொட்டை

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சலூனில் காத்திருந்தேன். பவுடரும் டெட்டாலும் கலந்த வாசம். எனக்கு முன்னால் முடி வெட்டிக்கொண்டவர் நூற்றைம்பது ரூபாயை மனசில்லாமல் நீட்டி, “ரொம்ப ஜாஸ்திப்பா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் என்று ஓர் ஊர் இருக்கிறது. இவரை அங்கே ஒரு மாதம் கொண்டுபோய் விட வேண்டும்.

நான் அங்கே படிக்கப் போனவன். அனுப்பி வைத்தது சிதம்பரத்தில் கண்ணாடி அறை போட்டு உட்கார்ந்திருந்த ஓர் ஏஜென்ட். “சின்ன ஊரு தம்பி, செலவே கெடையாது. பார்ட் டைம் போனாலே ராஜா மாதிரி இருக்கலாம்” என்றான். அந்த ஆள் சேத்தியாத்தோப்பைத் தாண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் கோட்டு போட்டிருந்தான், அதுவும் மே மாதத்தில். அதைப் பார்த்து நம்பிய என்னை என்ன சொல்வது?

ராஜா வாழ்க்கையைக் கேளுங்கள். புறாக்கூண்டு அறையில் நானும் பண்ருட்டி செந்திலும். கடையில் கொத்தமல்லியைத் தொட்டியோடு விற்பார்கள். விலையை எட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். ஒரு குரோனா எட்டு ரூபாய் சொச்சம். இந்தப் பெருக்கல் வியாதி அங்கே புதிதாகப் போன நம் ஆட்கள் எல்லாருக்கும் உண்டு. பஸ் ஏறப் பெருக்கு, காபி குடிக்கப் பெருக்கு. கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்கி வளர்ந்த கூட்டம், வேறென்ன செய்யும்? அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நான்தான்.

முடி வெட்ட நானூறு குரோனா. “மூவாயிரத்தி எரநூறா? இந்தக் காசுல ஊர்ல ரெண்டு வருஷம் வெட்டலாம் மச்சான்” என்று செந்தில் ஒரு ட்ரிம்மர் வாங்கி வந்தான். பாதியில் அதன் சீப்பு கழன்று விழ, என் நடுமண்டையில் ரோடு போட்டுவிட்டான். மொட்டையைத் தவிர வேறு வழியில்லை. மொட்டைக்குக் கீழே மீசை மட்டும் கேவலமாக நின்றது. அதையும் வழித்தோம். அந்தக் குளிரில் யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் ஞாயிறு, வீட்டுக்கு வீடியோ கால் போடும் நாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. திரையில் என்னைக் கண்டால் புருவத்தைத் தூக்குவார், ஒரு பக்க உதட்டால் சிரிப்பார். எங்கள் பேச்சு அவ்வளவுதான். அதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். தலையை மறந்து அழைத்துவிட்டேன்.

அம்மா அலறினாள். எங்கள் பக்கம் கோயிலுக்கு மொட்டை போட்டாலும் மீசை இருக்கும். இரண்டும் போனால், பெற்றவருக்குக் கொள்ளி வைத்தவன் என்று அர்த்தம்.

“அப்பா உசுரோட இருக்கறப்ப என்னாடா கோலம் இது? மீச மொளைக்கற வரைக்கும் அவருக்கு மூஞ்சக் காட்டாத!”

“ஃபேஷன்மா” என்றேன். முடி வெட்ட வக்கில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த மூன்று ஞாயிறும் வெறும் குரல்தான். “அப்பா காதுல வச்சிருக்கேன், பேசு” என்பாள். நான் பனி, பரீட்சை என்று எதையாவது உளறுவேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். அம்மாவிடம் சண்டை போட்டிருக்கலாம், உண்மையைச் சொல்லியிருக்கலாம். மீசைதானே, வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறு முடிந்த வியாழக்கிழமை அப்பா போய்விட்டார்.

முன்கூட்டியே மொட்டை அடித்தவன் என்று சொந்தக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். அந்த ஜென்மங்களை நான் பொருட்படுத்தவில்லை.

இப்போது அந்த ஏஜென்ட்டும் இல்லை, கண்ணாடி அறையும் இல்லை. செந்தில் அங்கேயே வீடு வாங்கிவிட்டான், எட்டால் பெருக்குவதில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை யாரையும் அழைக்கும் வேலை இல்லை. என் குரலைக் கேட்டு அந்த மூன்று வாரமும் அப்பா புருவத்தைத் தூக்கினாரா என்பது அம்மாவுக்குத் தெரியும். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கேட்கத்தான் பயமாக இருக்கிறது.