பிணை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

வாடகைக்கு அறை கேட்டு வருகிறவரை நான் அவ்வளவாக ஆராய்வதில்லை. அவருக்குப் பிணை நிற்கிறவரைத்தான் ஆராய்வேன். பதுளையில் என் வீட்டோடு ஒட்டிய அறையை அப்படித்தான் இத்தனை வருஷம் விட்டுவந்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள்தான் நான். ஆனாலும் காகிதம் காட்டி என்னை ஏமாற்றியவர் ஒரே ஒருவர்.

அவர் ஒரு தோட்டத்துக் கிளாக்கர். ஒரு வாடகைக்காரனுக்குப் பிணை நின்று, கொடி படர்ந்த மாதிரி அழகாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வாடகைக்காரன் ஒருநாள் அறையைப் பூட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. கிளாக்கரைத் தேடிப் போனால், அவர் அதற்கு முந்தின மாதமே இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டிருந்தார். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு இந்தியா போகப் பேப்பர் வந்துகொண்டிருந்த எழுபதுகள் அவை. அலவாங்கால் நெம்பித்தான் கதவைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு, பதுளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் தையல் வேலை கிடைத்து, தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அறை கேட்டு வந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். தங்க இடமில்லாவிட்டால் வேலையும் இல்லை. தாய்மாமன் பிணை நிற்பதாகக் கடிதம் வைத்திருந்தாள். அதை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கிறேன்" என்றேன்.

காலை ரயிலில் போனேன். தெமோதரைக்குப் போகும் ரயில், முதலில் அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்க இருட்டுக்குள் நுழையும். பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல மேலேறி, அதே ஸ்டேஷனில் போய் நிற்கும். பனி ஜன்னலுக்குள் வந்து மடியில் உட்கார்ந்தது. வந்து சேர்ந்த இடத்துக்கே இன்னும் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. அந்த நினைப்பிலேயே தேயிலைக்கு நடுவே மேலே நடந்தேன். லயத்து வரிசை வீடுகள் எதிரே வந்து நின்றபோதுதான் கால் வலித்தது.

தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தோடு நின்ற ஒருத்தி கேட்டாள்.

"யாரத் தேடுறீங்கக்கா? பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பிணை பாக்க வந்தேன்." மாமன் யாரென்று சொன்னேன்.

"அவரா? காலையில வேலப் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தாத மனுசன். கோவம் மட்டும் அவருக்கு முந்தியே போய் நிக்கும்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே கூட வந்தாள்.

மாமன் மரியாதையாக எழுந்து, உட்காரச் சொன்னார். துப்பரவான வீடு. மூலையில் எதன்மேலோ வேட்டி போர்த்தியிருந்தது. பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியது. போர்வையைத் தூக்க நான் கேட்கவில்லை; என் கண் போன இடத்தைப் பார்த்து அவரே தூக்கினார். நீலத் தகரப் பெட்டி. அதில் வெள்ளையாக எழுதியிருந்ததை நான் கூட்டி வாசிக்குமுன் அவர் சொன்னார்.

"திருச்சிப் பக்கம், அம்மா. தை கழிஞ்சு பயணம்."

"போறவரு எப்படிண்ணே பிணை நிப்பீங்க?"

"வேற யாரு இருக்கா? அவ அப்பன் வழியில அவளுக்கு இங்க பிரஜாவுரிம. எங்களுக்கு அங்க. அவள நான் எந்தப் பொட்டியில வச்சுக் கொண்டுபோறது?"

முந்திப் போகும் கோபம் அன்று அவரிடம் இல்லை. நான் எழுந்துவிட்டேன். கதவோரம் அறை கேட்டு வந்த பெண் நின்றிருந்தாள். அழவில்லை. என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீலிக்காரி குடத்தை இறக்கி வைத்தாள்.

"எனக்கு எந்தப் பேப்பரும் வரல்ல. அந்த நாடும் எடுக்கல்ல, இந்த நாடும் எடுக்கல்ல. நான் எங்க போகப்போறேன்? நான் நிக்கிறேன் பிணை."

ஒட்டியிருந்த அடுத்த காம்பரா அறைதான் அவளுடையது. போய்ப் பார்த்தேன். அடுப்பு, பாய், கொழுந்துக் கூடை. பெட்டி இல்லை. இரண்டு நாடுகளும் வேண்டாமென்றவளைத் தேடி எப்போது வந்தாலும் அங்கேதான் இருப்பாள். எனக்குத் திருப்தி. கைநாட்டு வைக்க மை தேடினாள், வேண்டாம் என்றேன்.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "வயசுப் புள்ள. அறைக்கு உள்தாப்பா இருக்கா?"

என்னை, என் வீட்டைப் பற்றி, ஒருவர் விசாரிப்பதா என்று முகம் சூடேறியது.

"இருக்கு" என்றேன்.

திரும்பும் ரயில் அந்த இருட்டுக்குள் நுழைந்தபோதுதான் நினைவு வந்தது. அலவாங்கால் நெம்பியதில் உள்தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. நான் அதைத் திரும்பப் போடவேயில்லை.

திங்கட்கிழமை இரும்புக்கடை திறக்குமுன் போய் நின்று ஒரு தாழ்ப்பாள் வாங்கி, நானே துளை போட்டு முடுக்கினேன். முடிப்பதற்கும் அவள் பாயோடு வருவதற்கும் சரியாக இருந்தது. பாயைக்கூட இறக்காமல் உள்ளே போய்த் தாழைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திறந்தாள்.

"பீலியடிப் பெரியம்மா பாக்கச் சொன்னாங்க."

வாசற்படியில் புது மரத்தூள் கிடந்தது. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வெளக்கமாறு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள்.