வாசலைவிடப் பெரிய குலுக்கை

போன மாதம் பாளையம்பட்டியில் மகள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு பீரோ வாங்கிக் கொடுத்தேன். லோடு ஆட்டோவில் கொண்டுவந்த இரண்டு பேரும் அதைப் படுக்கப் போட்டார்கள், நிமிர்த்தினார்கள், சாய்த்தும் பார்த்தார்கள். வாசலுக்குள் நுழையவில்லை.

"அண்ணாச்சி, வாங்குறதுக்கு முன்னாடி வாசல அளந்து பாத்திருக்கக் கூடாதா?" என்றார் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் முறைத்தாள். "நம்ம பரம்பரையில வாசல அளக்குற பழக்கம் இல்ல தாயி" என்று மட்டும் சொன்னேன். நான் ஆள் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுகிறவன் இல்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

திருச்சுழி போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசலுக்குள் ஒரு மைல் நடந்தால் எங்கள் வீடு வரும். ஊருக்குள் இல்லாமல் காட்டிலேயே தனியாக இருந்ததால் எல்லாரும் அதைக் காட்டு வீடு என்பார்கள். மண்சுவர், கூரைக்குப் பனங்கை, அதன் மேல் நாட்டு ஓடு. கிழக்கே மாட்டுத் தொழுவம், அதை ஒட்டிச் சோளத்தட்டை அடுக்கிய படப்பு, முன்னால் களம். களத்தில் மிளகாய் வத்தல் காயும் நாட்களில் எங்கள் காளைகள் உட்பட எல்லாரும் தும்மிக்கொண்டிருப்போம். இப்போதும் மளிகைக் கடையில் வத்தல் மூட்டையைப் பிரித்தால் எனக்கு அந்தக் காளைகள்தான் ஞாபகம் வரும்.

கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். வெயிலுக்கு நிலம் பிளக்கும், மழைக்கு உப்பும், சுவரும் அதோடு சேர்ந்து நகரும். ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்த முடியாது. சித்திரையில் சாத்திய கதவின் இடுக்கு வழியாகப் பூனைக்குட்டி வந்து போகும். ஒரு கோடையில் பெரியப்பா தன் பெட்டிச் சாவியைக் களத்து வெடிப்பில் தவறவிட்டார். "மழ பேஞ்சா மண்ணு உப்பும்ல, தானா வெளிய தள்ளிரும்" என்று சொல்லிப் பெட்டியைத் திறக்காமலே இருந்தார். மழை பெய்தது. மண் வெடிப்பை மூடிக்கொண்டதே தவிரச் சாவியைத் தரவில்லை. எங்கள் குடும்பத்து ஆண்களின் யோசனை எல்லாம் ஏறக்குறைய இந்த மாதிரிதான்.

வீட்டின் நடு அறையில் ஒரு குலுக்கை இருந்தது. தானியம் கொட்டி வைக்கும் மண் கூடு. என் உயரத்துக்கு மேல் ஒரு முழம் இருக்கும். ஏணி வைத்து மேல் வாய் வழியாகக் கொட்ட வேண்டும். அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் அடைத்த துணியை உருவினால் தானியம் சரசரவென்று இறங்கும். அறைக்குள்ளேயே மண்ணைக் குழைத்து, வளையம் வளையமாக ஏற்றிச் செய்தது அது. அதனால் வாசலைவிட அதற்கு இடுப்பு பெரிது. இது கண்ணுக்கு முன்னால் இருந்த விஷயம். ஆனாலும் யாரும் கவனிக்கவில்லை, அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அப்பாவும் பெரியப்பாவும் பிரிந்தார்கள். கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வேண்டும் என்றார் அப்பா. இருக்கிற ஊற்றும் கெட்டுப்போகும் என்றார் பெரியப்பா. அதில் தொடங்கிய பேச்சு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்பதில் வந்து நின்றது. ஊரிலிருந்து மூன்று பெரியவர்கள் வந்து தொழுவத்து நிழலில் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். ஆளுக்கொரு காளை. கிணற்றில் ஒருநாள் விட்டு ஒருநாள். மேற்கு அறை எங்களுக்கு, நடு அறை பெரியப்பாவுக்கு. குலுக்கை யாருக்கு என்று கேட்டபோது, பெரியம்மா உள்ளிருந்தபடியே, "அவுகளுக்கே குடுத்துருங்க. பிள்ளகுட்டிக்காரவுக" என்றார். அம்மா உடனே தலையாட்டினார்.

பாகம் முடிந்ததும் அப்பா நடு அறையைக் காட்டி எல்லார் முன்னாலும் சொன்னார். "இனிமே அந்த வாசப்படிய என் வீட்டு ஆளு ஒருத்தரும் மிதிக்கக் கூடாது."

அம்மா என்னைத்தான் பார்த்தார். அம்மாவும் பெரியம்மாவும் இருபது வருடம் ஒரே உலையில் அரிசி போட்டவர்கள். காட்டு வீட்டில் அக்கம்பக்கம் கிடையாது. பேச இன்னொரு பெண் வேண்டுமென்றால் ஒரு மைல் நடக்க வேண்டும்.

மறுநாள் குலுக்கையை எடுத்துவர வடக்கயிறும் நாலு ஆளுமாகப் போனோம். எனக்கு அப்போது பதினெட்டு வயது, ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன். வாசல் அருகே போன பிறகுதான் ஆட்களில் ஒருவர் துண்டை விரித்துக் குலுக்கையை அளந்தார். அதே துண்டை வாசலுக்குக் குறுக்கே பிடித்தார். ஒன்றரைச் சாண் பற்றவில்லை.

"செவத்த இடிங்க" என்றார் அப்பா.

"இடிச்சா பனங்கை எறங்கும். என் தலையிலயா ஓட்டப் போடணும்? வேணும்னா குலுக்கைய ஒடச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார் பெரியப்பா, என்னைப் பார்த்து. அப்பாவிடம்தான் அவர் பேசமாட்டாரே.

குலுக்கை நிறையக் குதிரைவாலி இருந்தது, அதை இறக்காமலே தூக்கிவிடலாம் என்று போனவர்கள் நாங்கள்; உடைத்தால் கொட்டிவைக்க வேறு இடமும் இல்லை. அந்த வருடம் நாங்கள் சாப்பிடப் போவதே அதுதான். பெரியவர்களைத் திரும்பக் கூப்பிட்டோம். அவர்கள் வெகுநேரம் வாசலையும் குலுக்கையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, குலுக்கை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தானியம் எடுக்கப் போவது வாசல் மிதித்த கணக்கில் வராது என்றார்கள். அப்பா ஒப்புக்கொண்டார். வேறு வழியில்லை.

அதன் பிறகு அம்மா தினமும் காலையில் ஒரு பெட்டியோடு நடு அறைக்குப் போவார். பனையோலைப் பெட்டி, இரண்டு படி பிடிக்கும். அதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அம்மாவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "தானியம் எறங்குறதே இல்ல, அடைச்சுக்கிருது" என்பார். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பது களம் வரைக்கும் கேட்கும்.

மூன்றாவது வருடம் நான் அருப்புக்கோட்டையில் பவர்லூம் தறிக்கு வேலைக்குப் போய்விட்டேன். அதுவரை குலுக்கையில் தானியம் கொட்டியது நான். அந்த அறுப்புக்கு லீவு கிடைக்காமல் ஒருநாள் தாமதமாகத்தான் போனேன். நடு அறையில் ஏணி மேல் அப்பா, தோளில் சாக்கு. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏணி ஆடுது" என்றார் அப்பா, கூரையைப் பார்த்து.

"ஏணி ஆடல. நீதான் பெருத்துப் போயிட்ட."

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்கண்ணே."

"ஏறுறா. புடிச்சிருக்கேன்ல."

அவ்வளவுதான் பேசினார்கள். மதியம் பெரியப்பா கிணற்றடிக்கு வந்து, எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று தானாகக் கேட்டார். தோண்டினார்கள். உப்புத் தண்ணீர் வந்தது. அது வேறு கதை.

வெகு காலம் கழித்து, பெரியம்மா இறந்து கருமாதி முடிந்த அன்று அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு ஒங்க ரெண்டு பேருக்குமே தெரியாதாம்மா, அது வாசல்ல நொழையாதுன்னு?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "வருசா வருசம் அத மொழுகுனது நாங்க. எங்களுக்குத் தெரியாதா? பாகம் பிரிக்கிறதுக்கு மொத நாளே ஒங்க பெரியம்மா துண்டப் போட்டு அளந்துட்டாக."

இப்போது அங்கே யாரும் இல்லை. காடு முழுக்கச் சீமைக் கருவேலம். ஓடு சரிந்து மழை உள்ளே இறங்கி, குலுக்கை கரைந்து ஒரு மண்மேடாகக் கிடக்கிறது. கதவையும் நிலையையும் யாரோ பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். நடு அறைக்கு முன்சுவரே இல்லை. ஒரு லாரி நுழையலாம்.