வீட்டில் சொல்லிக் கொடுங்கள்

போன மாதம் ஒரு திங்கள்கிழமை. என் ஒரு கையில் தோசைக் கரண்டி, இன்னொரு கையில் போன். சிறுசேரி ஆபீஸுக்குப் போகிற கேப் தெருமுனைக்கு வந்துவிட்டது.

"ம்மா... வயிறு வலிக்குது."

மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் யூனிஃபார்மோடு சோபாவில் சுருண்டு கிடந்தாள். தட்டில் தோசை அப்படியே இருந்தது. கொஞ்ச நாளாகவே இதுதான் எங்கள் வீட்டுக் காலை. வலி, அழுகை, காலி வயிற்றோடு ஸ்கூல். குழந்தை இளைத்துக்கொண்டே போனாள்.

நான் சாப்ட்வேர் டெஸ்டர். ஒரு தவறு வந்தால் அதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது என் பிழைப்பு. இதற்கும் போட்டேன். தண்ணீரா? காய்ச்சித்தான் கொடுக்கிறேன். பூச்சியா? மருந்து கொடுத்தாகிவிட்டது. யாராவது அடிக்கிறார்களா? இல்லை. செங்கல்பட்டில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வயித்துல ஒண்ணும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வலிக்குதா?"

யோசித்தேன். வலித்ததில்லை.

"அப்ப ஸ்கூல்ல என்னான்னு பாருங்க" என்றார். அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது.

ஸ்கூலில் என்ன? மிஸ் தங்கமானவர். கொஞ்ச நாள் முன்பு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அதில்கூட அதட்டல் இல்லை. "பாப்பா நல்லாத்தான் படிக்கிறா மேடம். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு மட்டும் வரமாட்டேங்குது. வீட்ல கொஞ்சம் சொல்லிக்குடுங்க." ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன். அவளும் பக்கத்தில் இருந்தாள். இதில் பயப்பட என்ன இருக்கிறது? அதையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். சாயந்திரம் கடற்கரை. என் மகள் மிளகாய் பஜ்ஜியை ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைவதைப் பார்த்தாலே போதும் என்று இருந்தது எனக்கு. அப்போதுதான் நாத்தனார் ஆரம்பித்தார்.

"இன்னாடி, கழித்தல் வரலியாமே ஒனக்கு? கடன் வாங்கவே தெரிலியாம்? ஒங்கப்பன கேளு... அவன் ஊரெல்லாம் வாங்கிக்கினு கீறான்!"

"யக்கா, என்னை ஏன் இழுக்கிற நடுவுல?" என்றார் என் கணவர்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மகள் மட்டும் பஜ்ஜியைப் பேப்பரில் வைத்துவிட்டாள்.

"ம்மா, வயிறு வலிக்குது."

ஞாயிற்றுக்கிழமை!

அவளைத் தண்ணீர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். "அத்தை தமாசுக்குத்தான்டா சொன்னாங்க."

"அத்தைக்கு யாரு சொன்னது?"

நான் அவள் வாயோரத்து எண்ணெயைத் துடைத்துவிட்டேன்.

"மிஸ் உன்கிட்ட சொல்லிக்குடுங்கன்னு சொன்னாங்கல்ல... நீ எல்லார்கிட்டயும் சொல்லிக்குடுத்துட்ட."

ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூன்றாம் வகுப்பில் 'சொல்லிக் கொடுப்பது' என்றால் பாடம் நடத்துவது இல்லை. 'இரு, மிஸ்கிட்ட சொல்லிக்குடுக்கறேன்' என்பார்களே... அது. மாட்டிவிடுவது!

சிரிப்பு வந்தது. அர்த்தத்தை விளக்கத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

"அப்பாகிட்ட சொன்ன. ஊர்ல இருக்கற ஆயாகிட்ட டெய்லி போன்ல சொல்ற. கீழ்வூட்டு ஆன்ட்டிகிட்ட சொன்ன. அத்தைகிட்ட சொல்லிட்ட." விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை. "நான் ஸ்கூலுக்குப் போனதும் இன்னும் யார்கிட்டல்லாம் சொல்லுவியோ..."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். மிஸ் சொன்ன பிறகு அவளோடு உட்கார்ந்து எத்தனை கணக்குப் போட்டேன்? ஏதோ ஒரு சாயந்திரம், லேப்டாப்பில் மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுக்கொண்டு, பாதிக் கணக்கு. ஆனால், அவளுக்குக் கழித்தல் வரவில்லை என்பதைக் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் சொன்ன அர்த்தத்தில் பார்த்தால், நான் மிக நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் உட்காரத் தெம்பு இல்லை. புலம்புவதற்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடுகிறது. அடுப்படியில் நின்றபடி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காய் நறுக்கிக்கொண்டே புலம்பலாம். ஒருத்தரிடம் சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. குழந்தை அதே அறையில்தான் இருக்கிறது. இருந்தால் என்ன, குழந்தைதானே? நீங்களும் இப்படித்தான் நினைக்கிறீர்கள் இல்லையா... இல்லை, நான் மட்டும்தானா?

அன்றைக்கே வலி நின்றுவிடவில்லை. அடுத்த நாள் காலையிலும் சுருண்டாள். நான் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று கேப் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. பஸ் மாறி மாறி, நசுங்கி ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் புளியங்கொட்டைகளை வைத்துக் கணக்குப் போடுகிறோம். சில நாள் எனக்குத் தூக்கம் சொக்குகிறது. அவளே எழுப்பிவிடுகிறாள்.

புதன்கிழமை நாத்தனார் போன் செய்தார்.

"இன்னாம்மா, வந்துச்சா கணக்கு அவளுக்கு?"

ஹாலில் பென்சில் சத்தம் நின்றது.

"இன்னிக்கு ரெண்டு தோசை சாப்ட்டா அண்ணி" என்றேன்.

"நான் இன்னா கேக்கறேன், நீ இன்னா சொல்ற?"

"மூணாவது கேட்டா. மாவு தீந்துபோச்சு."

பென்சில் மறுபடி ஓடத் தொடங்கியது.

சரி, இதையெல்லாம் இங்கே இத்தனை பேருக்கு எழுதுகிறேனே... இதுவும் சொல்லிக் கொடுப்பதுதானே? அவளிடமே கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பேரு போடாத. எந்தக் கணக்கு வரலன்றதையும் மாத்திப் போட்டுடு" என்றாள்.

மாற்றிவிட்டேன். அதனால் நாத்தனாரின் கிண்டலையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. நிஜமாக அவர் சொன்னது இதைவிட நன்றாக இருந்தது... சொல்லமாட்டேன்!